மண்ணூருக்கு ஓர் அவசரத் தந்தி

1

நேற்று முற்பகல் ஓர் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். காலணிகளை வாசலில் இணையாக வைத்துவிட்டு, கோட்டை மடித்து மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கனடாவின் எட்மன்டன் நகரில் இது ஜனவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. அவருடைய பேனா சற்று நேரம் எழுத மறுத்தது. உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினார்.

என் மகள் சுமதிக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்திருக்கிறது. எதிரி நாட்டின் செயற்கைக்கோளை வானத்திலேயே கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்யும் கருவிகளை வடிவமைக்கிற நிறுவனம். அவள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டாள். இருந்தும் அவளைப் பெற்றவன் எந்த ஊரான், யாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறான் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர்கள் சார்பில் இவர் வந்திருந்தார்.

பிறந்த ஊர்: மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வழி. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடந்த இரண்டாண்டுகளில் விண்கலம் அல்லது அணுக்கருவி தொடர்பான தகவல் எதையேனும் வெளிநாட்டவர் எவருக்கேனும் அனுப்பியதுண்டா?

முந்தின நாள்தான் சுமதி தொலைபேசியில் கெஞ்சியிருந்தாள். "அப்பா, அந்தத் தந்தி விஷயத்த மட்டும் சொல்லாதீங்க. ப்ளீஸ். அவங்களுக்கு அது புரியாது. என் ஃபைல் அங்கேயே நின்னுடும்."

"உண்டு" என்றேன் அதிகாரியிடம். "சென்ற ஆண்டு ஜனவரியில். அணு உலை பொருத்திய ஒரு சோவியத் செயற்கைக்கோளைப் பற்றி, மண்ணூரில் நெல் பயிரிடும் என் மைத்துனருக்கு ஓர் அவசரத் தந்தி அனுப்பினேன்."

அவர் தலை நிமிர்ந்தார். விவரம் எழுதப் படிவத்தில் இரண்டு வரிகளே இருந்தன. அவற்றில் அடங்காததை ஊரிலுள்ளவர்கள் படிப்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

2

வல்லரசுகள் இரண்டும் ஒன்றன் போர்க்கப்பல்களை மற்றொன்று வானத்திலிருந்து கண்காணிக்கின்றன. சோவியத் நாட்டினர் இதற்கென ராடார் பொருத்திய செயற்கைக்கோள்களை மிகத் தாழ்வான பாதையில் ஏவினார்கள். அந்த உயரத்தில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கிறது. சூரிய ஒளித் தகடுகளை விரித்தால் அது பிடித்து இழுத்துவிடும். எனவே மின்சாரத்துக்கு ஒரு சிறிய அணு உலையை உள்ளே வைத்தார்கள். வேலை முடிந்ததும் உலையை மட்டும் பிரித்து, நூற்றாண்டுகள் விழாதிருக்கும் உயரத்துக்குத் தள்ளிவிடுவது ஏற்பாடு. அந்த ஏற்பாடு சில வேளைகளில் நிறைவேறுவதில்லை. அமெரிக்கர்கள் இதில் தூயவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். பசிபிக் கடலுக்கு மேலே, காற்று மண்டலத்துக்கு வெளியே, அணுகுண்டை வெடித்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

1978 ஜனவரியில் அப்படி ஒன்று கனடாவின் வடபகுதியில், உறைந்த ஏரிகளின் மேல் சிதறி விழுந்தது. கதிரியக்கத்தை அளப்பது என் தொழில். பல்கலைக்கழகத்தில் அதைத்தான் கற்பித்து வந்தேன். ஆகவே என்னையும் அழைத்தார்கள். ராணுவ விமானத்தின் வயிற்றில் அளவுகருவிகளோடு உட்கார்ந்து, பனிவெளியின் மேல் நேர்கோடுகளாக, உழவு சால் போலப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். கிடைத்தவற்றுள் கையகலத் தகடுகள் இருந்தன. மிளகளவுத் துகள்களும் இருந்தன. அந்த மிளகளவுத் துகள்களே எங்களை அச்சுறுத்தின. அவை கண்ணில் படுவதில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து வீடு திரும்பியபோது என் மனைவி சரோஜா கதவைப் பாதிதான் திறந்தாள். இருபது ஆண்டு எட்மன்டன் வாசம் அவளுடைய மண்ணூர்ப் பேச்சில் ஒரு கீறலும் போடவில்லை.

"அங்கியே நில்லுங்க. எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி கீது மூஞ்சி. நேரா போய்க் குளிங்க, அப்பறம் பேசலாம்."

அங்கேயே மூன்று முறை கழுவி, அளந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள் என்றேன். அவர்கள் கழுவினது வேறு, இது வேறு என்றாள். குளித்தேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இங்க சரி, ஏரோப்ளேன் வெச்சிகினு தேடறீங்க. நம்மூர்ல வியுந்தா யார் தேடுவா?"

நிகழ்தகவு மிகக் குறைவு என்று விளக்கினேன். பூமியில் பெரும்பகுதி கடல். நிலத்திலும் பெரும்பகுதி ஆளில்லாதது.

"நா கேட்டதுக்கு அது பதில் இல்ல. எங்கண்ணன் கண்ணுல ஒரு தகடு பட்டா இன்னா பண்ணும் தெரியுமா? எடுத்தாந்து தொடச்சி, தொட்டிக்கு மூடி போட்டுடும். நல்ல இரும்பாச்சேன்னும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது உண்மை. மண்ணூரில் வயலில் கிடக்கும் இரும்புத் துண்டு எதுவும் கிடந்த இடத்தில் கிடப்பதில்லை. அது கீலாகும், ஏர்க்காலில் ஆப்பாகும், மோட்டார் கொட்டகைக்குத் தாழ்ப்பாளாகும். வீணாக்குவதை அறியாத மக்கள். அந்த நற்குணமே அவர்களைக் கொல்லும் என்ற எண்ணம் அன்று எனக்குள் நுழைந்தது, பிறகு வெளியேறவில்லை.

3

சரோஜா 1982 அக்டோபரில் இறந்தாள். இதயம். மருத்துவமனையில் ஐந்து நாட்கள் இருந்தாள். முதல் பனி அவ்வாண்டு இன்னும் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி கொண்டு வர வேண்டும். அண்ணனோ தம்பியோ எடுத்து வரும் புதுப்புடவை மேலே போர்த்தப்படாமல் உடல் வாசலைத் தாண்டக் கூடாது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அது நடவாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் செய்தி சொல்லலாம். செய்திக்கு உரிய வாகனம் தந்தி. தந்தி போயிருந்தால் மண்ணூரில் அவளுடைய அண்ணன் கன்னியப்பன் அன்றே தலைமுழுகி, அங்கேயே அவள் பெயரால் கோடி எடுத்து வைத்திருப்பார்.

தந்தி அலுவலகத்துக்குப் போனேன். முகவரியை எழுதினேன். செய்திக்குரிய கட்டத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சரோஜா என்று எழுதினேன். அதற்கு அடுத்த சொல்லை எழுதவில்லை. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். படிவத்தை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து வான்கடிதம் ஒன்று எழுதினேன். நோய்க்குறிகள், பரிசோதனைகள், மருத்துவர்கள் மேற்கொண்ட நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வரிசையாக, நன்றாகவே எழுதியிருந்தேன். அது மண்ணூர் போய்ச்சேர மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. கன்னியப்பனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகன் முருகேசன் எழுதியது.

"மாப்ளே, சரோஜா பத்தி லெட்டர் வந்துச்சி. சாவுக்கு லெட்டர் வராது, தந்தி வரும். பத்து மைல்ல கீற பங்காளிக்கே தந்தி குடுக்கறாங்க. எனக்கு இல்லியா? தந்தி வர்ற வரிக்கும் எந்தங்கச்சி உசுரோட கீறான்னுதான் வெச்சிக்குவேன். நாங்க குளிக்கல."

தாமதமாகவேனும் ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். இறந்து ஆறு வாரம் கழித்துக் கொடுக்கும் தந்தி நாகரிகமாகாது என்று காரணம் கற்பித்துக்கொண்டேன். ஆக, நான் அவளுடைய சாம்பலை இங்குள்ள ஆற்றில் கரைத்துவிட்டேன்; அவளைப் பெற்ற வீட்டில் அவள் இன்னும் இறக்கவில்லை. அந்த நிலையில் அவ்வாண்டு முடிந்தது.

சுமதி தமிழில் பேசினால் "அம்மா முடிஞ்சதுக்கு அப்புறம்" என்பாள். இறந்த என்று நான் திருத்துவதில்லை.

4

1983 ஜனவரி பிறந்ததும் செய்தித்தாள்களில் அதே வகைச் செயற்கைக்கோள் ஒன்று கட்டுப்பாடிழந்து இறங்கிக்கொண்டிருப்பதாக வந்தது. உலை மேலே தள்ளப்படவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் என்னோடு விமானத்தில் வந்த நண்பர் ஒருவர் நாள்தோறும் தொலைபேசியில் பாதை விவரங்களைச் சொல்வார். இரகசியம் ஏதுமில்லை, பெரும்பாலும் மறுநாள் செய்தித்தாளில் வருவதுதான்.

சுமதி பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய பூகோள உருண்டை ஒன்று மாடியில் இருந்தது. அதை இறக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். சரோஜாவின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூற்கண்டை எடுத்து, செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும் வழியில் நூலைச் சுற்றினேன். ஒரு சுற்றுக்குச் சற்றேறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்கு மேற்கே தள்ளிப் போகும். எட்மன்டன் மேல் ஒரு நூல் போயிற்று. சென்னைக்குச் சற்று மேற்கே, என் நகத்தின் அகலத்துக்குள், இன்னொன்று போயிற்று.

விழும் நேரத்தை முன்கூட்டிச் சொல்வதில் ஒரு நிமிடம் பிழைத்தால் விழும் இடம் நானூறு கிலோமீட்டருக்கு மேல் மாறும். எங்கள் கணக்கில் பிழை மணிக்கணக்கில் இருந்தது. அதாவது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதே அறிவியல் சொன்ன விடை. வகுப்பறையில் அந்த விடையோடு முப்பது ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தவன் நான். சாப்பாட்டு மேசையில் அதனோடு இருக்க முடியவில்லை. உருண்டையைத் திருப்பி வைத்தேன்; நூல் மறுபக்கம் தொங்கியது. அன்று சரோஜா சொன்னது காதில் விழுந்தது: "நா கேட்டதுக்கு அது பதில் இல்ல." அது தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். எல்லாரும் வயலில் இருப்பார்கள்.

சனிக்கிழமை காலை, கதவு திறந்ததும், தந்தி அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றேன். சாளரத்தில் இருந்த பெண்மணி ஸ்ரீபெரும்புதூர் என்பதை உற்றுப் பார்த்தார்.

"இது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?"

"ஊர்."

"ஒரே சொல்லா?"

"ஒரே சொல்."

"இந்தச் செய்தி..." என்று படித்துவிட்டு என்னை ஏறிட்டார். "இதை அவசரத் தந்தியாகவா அனுப்புகிறீர்கள்?"

"ஆம். அவசரம்."

அச்செய்தியைத் தமிழில் தருகிறேன். வானிலிருந்து உலோகம் விழலாம். ஞாயிறு திங்கள் வீட்டுக்குள் இருக்கவும். ஏரிக்குப் போக வேண்டாம். கிணற்றை மூடவும். புதிய இரும்பு எதையும் தொடாதீர். ஏகாம்பரம்.

கை தயங்கவே இல்லை. அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்தேன். இதை வெளியே வந்த பிறகு கவனித்தேன். பனியில் சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தது.

5

செயற்கைக்கோளின் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலில், ஊரிலிருந்து வெகு தெற்கே விழுந்தது. மண்ணூர்க் கணக்கில் திங்கட்கிழமை விடிவதற்கு முன். சில நிமிடங்கள் பிசகியிருந்தால் வேறெங்கோ. பிரிந்துபோன உலையின் உட்பகுதி அடுத்த மாதம் தென் அட்லாண்டிக்கின் மேல் எரிந்து இறங்கியது. வானொலியில் அறிவிப்பாளர் நிம்மதியோடு சொன்னார். பனிச்சறுக்குப் போட்டி முடிவுகளுக்கு முன்னால் அந்தச் செய்திக்கு இடம் கிடைத்தது.

மண்ணூரிலிருந்து பதில் வரவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் வரை பார்த்தேன். சாவுக்குத் தந்தி கொடுக்காதவன் இரும்புக்குத் தந்தி கொடுக்கிறான் என்று எண்ணியிருப்பார்கள். எண்ணினால் தவறில்லை. அஞ்சல்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு அச்சங்கள் வரும்: கன்னியப்பன் என்னை அறவே தள்ளிவிட்டிருப்பார் என்பது ஒன்று, அவர் வயலில் ஏதேனும் தகட்டை எடுத்திருப்பாரோ என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் காரணமே இல்லை. கடலில் விழுந்ததை நானே அறிவேன். ஆயினும் அது வந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் சரோஜாவுக்கு ஆண்டு நிறைந்தது. வருவதாகக் கடிதம் போட்டுவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் புறப்பட்டேன்.

6

நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து இறங்கியபோது முருகேசன் மிதிவண்டியோடு நின்றான். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன், முப்பது வயது, கைகளில் எண்ணெய்க் கறை தங்கிவிட்டிருந்தது. என் பெட்டியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டே, "மாமா, நைனா இன்னும் கோவமாத்தான் கீறாரு. இன்னா சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீங்க" என்றான்.

வாசலில் கன்னியப்பன் பம்புசெட்டின் பெல்ட்டை மடிமேல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவி தனம்தான் சொம்போடு வந்து, நீட்டாமல் நின்றாள்.

"வாங்கண்ணா. செத்துப்போனவருக்குச் சொம்புல தண்ணி குடுக்கலாமா கூடாதா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"உங்களுக்காக நாலு ஊரு கேக்க அய்தேன். தொண்ட கட்டி மூணு நாளு பேச்சு வரல. அந்த அய்கைக்கு மொதல்ல ஒரு வழி சொல்லுங்க."

"இந்தம்மா ஒன்னு" என்று முருகேசன் சொம்பை வாங்கி என்னிடம் கொடுத்தான். பிறகு அவன்தான் சொன்னான்.

"ஞாயித்துக்கெயம மத்தியானம், மாமா. நா ஃபேக்டரில ஓ.டி. பாத்துகினு இருந்தேன். தந்திக்காரன் வந்து, ஃபாரின் தந்தி, அர்ஜன்ட்டுன்னு குடுத்துட்டுப் பூட்டான். நைனா பிரிக்கவே இல்ல. அம்மா அடுப்புல தண்ணிய ஊத்திடுச்சி."

"கொதிக்கிற கத்திரிக்கா கொயம்பு" என்றாள் தனம். "அப்டியே மண்ணுல கவுத்தேன்."

தந்தி வந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எனக்கு இது தெரியாதா? அந்த ஊரில் பிறந்து இருபது வயது வரை வளர்ந்தவன். எட்மன்டனில் அந்தச் சாளரத்தின் முன் நின்றபோது இது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்பறம் பக்கத்து வூட்ல ஆறாங்கிளாஸ் படிக்கிற பொண்ணக் கூப்ட்டுப் படிக்கச் சொன்னாங்க. அதுக்கு இங்கிலீஷ் தெரில. கடைசி வார்த்தய மட்டும் எய்த்துக்கூட்டி ஏகாம்பரம்னுச்சி. அவ்ளோதான்."

அவ்வளவுதான். சாவுத் தந்தியில் பெயர் இருந்தால் அது போனவர் பெயர். அதற்குமேல் படிக்க யாருக்கும் தோன்றாது.

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"ஒரு நாப்பது பேரு. எல்லாரும் கட்டுன துணியோட ஏரியில முங்கி எயுந்து வந்து, வாசல்ல வெட்டவெளில குந்திகினு இருந்தாங்க. விடியற வரிக்கும் யாரும் வூட்டுக்குள்ள போவல."

வீட்டுக்குள் இருங்கள் என்று எழுதினேன். ஏரிக்குப் போகாதீர்கள் என்று எழுதினேன். நாற்பது பேர் ஏரியில் மூழ்கி, வானத்துக்குக் கீழே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தந்தி போகாதிருந்தால் அவரவர் வீட்டில் கூரைக்குக் கீழ் இருந்திருப்பார்கள். அந்த இரும்பு கடலைத் தொட்ட நேரத்தில் அவர்கள் வெளியே இருந்ததற்கு நான் ஒருவனே காரணம். சொம்பைக் கீழே வைத்தேன். தனம் அதை எடுத்து மீண்டும் என் கையில் கொடுத்தாள். "தண்ணி குடிங்கண்ணா" என்றாள், வேறு குரலில்.

"காலைல நா வந்து வாங்கிப் பாத்தேன்" என்று முருகேசன் தொடர்ந்தான். "மெட்டல்னு போட்டுகீது, கவர்னு போட்டுகீது, டோன்ட் டச்னு போட்டுகீது. எங்க மிசின் மேலயும் அதான எய்திகீது! நைனா, யாரும் சாவல, மேலருந்து இரும்பு வியுமாம், தொடாதீங்கன்னு மாமா எய்திகீறாருன்னேன். ஒருத்தரும் நம்பல. இதுக்கு எவனாவது தந்தி குடுப்பானான்னாங்க. எங்க பெரீப்பா எயுந்து, அப்போ நாப்பது பேரு தலமுயுகுனது இன்னா கணக்குன்னு கேட்டாரு."

அப்போதுதான் கன்னியப்பன் ஊசியைப் பெல்ட்டில் குத்தி நிறுத்தினார். நான் வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. என்னைப் பாராமல் பேசினார்.

"எந்தங்கச்சி கணக்குன்னு சொன்னேன். தந்தி வந்துச்சா? வந்துச்சி. அடுப்ப அணச்சமா? அணச்சோம். ஊரே முயுகிச்சா? முயுகிச்சி. இனிமே அத மாத்த முடியாது. அவளுக்கு ஆவட்டும்னேன்." பெல்ட்டைக் கீழே வைத்தார். "ஆனா அது அவ தந்தி இல்ல. அவளுக்குத் தந்தி வரல. இரும்புக்கு வருது, அவளுக்கு வரல. ஏன் மாப்ளே?"

மாப்பிள்ளை என்று அழைத்துவிட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடிந்தது.

"எழுத வரவில்லை, மச்சான்."

"எய்த வரல? உனுக்கு?"

"ஆம்."

பணப்பையைத் திறந்தேன். நான்காக மடித்த படிவம் ஓராண்டாக அதில் இருந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். முருகேசன் முன்னும் பின்னும் பார்த்தான்.

"நம்ம அட்ரஸ் போட்டுகீது நைனா. அப்பறம் சரோஜான்னு போட்டுகீது. வேற ஒன்னும் இல்ல. பாதில வுட்டாரு."

கன்னியப்பன் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பேரு கீதுல்ல? வேற இன்னா வேணும்?"

அவர் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு புடவை இருந்தது. அரக்கு நிறம், மடிப்புக் கலையாதது. சென்ற தையிலேயே, எல்லாரும் மூழ்கிய மறுநாள், காஞ்சிபுரம் போய் எடுத்ததாம். தந்தி கைக்கு வராமல் கோடி கொடுக்கக் கூடாது என்று உள்ளே வைத்திருந்தாராம்.

"அவள எந்தத் தண்ணில வுட்டியோ, அதுல வுடு மாப்ளே. பொறந்த வூட்டுக் கோடின்னு சொல்லி வுடு. சும்மா வுடாத, வாய்தொறந்து சொல்லு."

தனம் மெல்லக் கேட்டாள்: "அடுப்ப அணைக்கவா?"

"ஒருவாட்டி அணச்சது போதும். எல போடு. மாப்ள சாப்புடட்டும்."

அன்றும் கத்திரிக்காய்க் குழம்புதான். என் இலைக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது தனம், "இத மட்டும் கவுக்க மாட்டேன், பயப்படாதீங்க" என்றாள்.

7

இவ்வளவையும் அதிகாரியிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். அவர் பொறுமையுள்ளவர், இடைமறிக்கவில்லை. பாதை விவரம் செய்தித்தாளில் வந்ததுதானே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பெறுநர்: மைத்துனர், விவசாயி. பொருள்: பாதுகாப்பு எச்சரிக்கை. பதில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"எழுத்து மூலமாகப் பதில் எதுவும் வரவில்லை, அல்லவா?"

"எழுத்து மூலமாக வரவில்லை."

பதில் இல்லை என்று எழுதி, கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். சுமதியின் எதிர்காலம் அந்தத் தாளில் இருப்பது எனக்குத் தெரியும். அப்படியே கையெழுத்திட்டிருந்தால் பிழை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தவன் நான். இன்னொன்றைத் தவறாக நிரப்ப மனம் ஒப்பவில்லை.

"மன்னிக்க வேண்டும். அதை அடித்துவிடுங்கள். பதில் வந்தது."

"என்ன பதில்?"

"அந்தக் குடும்பம் என் மனைவிக்குத் துக்கம் காத்தது. என்னை மன்னித்தது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே அதை அப்படியே சிறிய எழுத்தில் எழுதினார். வரி போதவில்லை; ஓரத்தில் வளைத்து எழுதினார். நான் கையெழுத்திட்டேன். இது மேலே போகும்போது யார் எப்படிப் படிப்பார்களோ, அவருக்கும் தெரியாது.

மாலையில் சுமதி அழைத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

கோபிப்பாள் என்று எண்ணினேன். ஆனால், "மாமா குடுத்த அந்தப் புடவ... இன்னும் வீட்லதான் இருக்கா?" என்றாள்.

"நான் திரும்புவதற்குள் ஆறு உறைந்துவிட்டது. ஏப்ரலில்தான் பனி உடையும்."

"நான் வரட்டுமா? லீவு தருவாங்களான்னு தெரியல. வேலையே இருக்குமான்னும் தெரியல."

வா என்றேன். அவள் கைகளால் செய்யப்போகும் கருவிகளும் ஒருநாள் மேலே போகும். மேலே போவது எதுவும் அங்கேயே தங்குவதில்லை. அதை நேற்று அவளிடம் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் நேரில் சொல்வதாக இருக்கிறேன்.

புடவை சரோஜாவின் அலமாரியில், அவள் புடவைகளுக்கு மேல் இருக்கிறது. உருண்டை இன்னும் மேசைமேல்தான், நூலை அவிழ்க்கவில்லை. அந்த வகைச் செயற்கைக்கோள்கள் மீண்டும் ஏவப்படும் என்று நண்பர் சொல்கிறார். ஆறு உடைய இன்னும் மூன்று மாதங்கள். அதுவரை மேலிருந்து எதுவும், எவர் தலைமீதும், விழாதிருக்க வேண்டும்.